திருவருகைக் காலம் துக்க காலம் இல்லை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சுமார் நான்கு வாரங்கள்தான் கத்தோலிக்கரின் திருவருகைக் காலம். "திருவருகைக் காலமும் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) மாதிரி துக்க காலம்தான், அதனால்தான் ஊதா உடை, பூசையில் 'உன்னதங்களிலே' என்று பாடும் வானவர் கீதமும் கிடையாது, கறியும் கூடாது" என்று சிலர் சொல்கிறார்கள். ஊதாவும் கீதமும் சரி. முடிவுதான் தவறு.

பெங்களூர் சிவாஜிநகர் பசிலிக்காவில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள்: திருவருகைக் காலத்திலும் அல்லேலூயா பாடுகிறோம். தவக்காலத்தில் அது கிடையாது. வானவர் கீதத்தை நிறுத்துவதும் அழுவதற்காக இல்லை. கிறிஸ்துமஸ் இரவில் அது புதிதாக ஒலிக்கட்டும் என்றுதான் சொல்வார்கள். டிசம்பர் 8, மரியாவின் அமல உற்பவப் பெருவிழாவில் அந்தக் கீதத்தையும் பாடிவிடுகிறோமே!

1969இல் வந்த வழிபாட்டு ஆண்டு விதிகள் இதை மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கும் காலம் என்றே சொல்கின்றன. டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகை பற்றிய நம்பிக்கை, 17 முதல் பிறப்புக்கான தயாரிப்பு. மூன்றாம் ஞாயிறுக்கு மகிழ்ச்சி ஞாயிறு என்றே பெயர். 'என்றும் மகிழுங்கள்' என்ற பிலிப்பியர் 4:4தான் காரணம். அன்று குருவானவர் ரோஜா நிற உடை அணியலாம்.

கறி விஷயத்தில் குழப்பம் வந்தது எப்படி என்று புரிகிறது. பெங்களூரில் பக்கத்து வீட்டு மலையாளிகள், அதாவது கேரளத்தின் கிழக்கு மரபுக் கத்தோலிக்கரான சீரோ மலபார் சபையினர், கிறிஸ்துமஸுக்கு முன் கறி தவிர்த்து 25 நாள் நோன்பு இருப்பார்கள். அது அவர்கள் மரபு, நல்ல மரபும்கூட. உரோமை மரபைப் பின்பற்றும் நம் இலத்தீன் முறையில் 1983 திருச்சபைச் சட்டம் தவ நாட்களாகச் சொல்வது வெள்ளிக்கிழமைகளையும் தவக்காலத்தையும் மட்டும்தான். விரும்பி ஒறுத்தல் செய்தால் யாரும் தடுக்கப்போவதில்லை.