பேர்லா டாமாவா? கேள்வியே தப்பு!

புது டிரம் செட் வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். "கண்ணை மூடிக்கிட்டு பேர்ல் எடு" என்பார் ஒருவர். "பேர்லா? டாமா எடுப்பா, காலத்துக்கும் உழைக்கும்" என்பார் பக்கத்தில் நிற்பவர். மூன்றாவது ஆள் யமஹாவைத் தவிர வேறு எதையும் டிரம்ஸ் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். எந்த மாடல், என்ன மரம், என்ன அளவு, எங்கே வாசிக்கப் போகிறாய், வீட்டிலா மேடையிலா என்று ஒருத்தராவது கேட்பார்களா? மாட்டார்கள். அவர்களுக்கு நிறுவனத்தின் பெயர் போதும். தேர்தல் நேரத்துக் கட்சிக்காரர்கள் கூட இதைவிடக் கொஞ்சம் யோசித்துப் பேசுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். பேர்ல் என்று ஒரு டிரம் செட் உலகத்தில் கிடையாது. டாமா என்றும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் அடிமட்டத்திலிருந்து உச்சிவரை ஏழெட்டுப் படிகள் கட்டி வைத்திருக்கிறது. யமஹாவில் ரைடீன் பாப்லர் மரம். அதற்கு மேலே ஸ்டேஜ் கஸ்டம், முழுக்க பிர்ச் மரம். இன்னும் மேலே, ஒலிப்பதிவுக் கூடங்களில் பெயர் வாங்கிய ரெக்கார்டிங் கஸ்டம். டாமாவில் இம்பீரியல்ஸ்டார், சூப்பர்ஸ்டார், ஸ்டார்கிளாசிக் என்று எல்லாமே ஸ்டார்; ஆனால் இம்பீரியல்ஸ்டார் பாப்லர், சூப்பர்ஸ்டார் கிளாசிக் மேப்பிள். இந்த லட்சணத்தில் "டாமா நல்லா இருக்குமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எந்த டாமா? ஒரு நிறுவனத்தின் நடுத்தர செட்டையும் இன்னொரு நிறுவனத்தின் நடுத்தர செட்டையும் ஒப்பிட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றின் உச்சியில் வாசிக்கும் நட்சத்திரக் கலைஞரைக் காட்டி அதன் அடிமட்டத்தை நம் தலையில் கட்டுவதற்குப் பெயர் வியாபாரத் தந்திரம்.

சரி, மாடல் பெயரை வைத்தாவது ஒப்பிடலாம் என்றால் அதுவும் நிலையாக நிற்பதில்லை. ஸ்டேஜ் கஸ்டம் என்ற பெயரில் ஒரு காலத்தில் வந்தது கலப்பு மரம். பிற்பாடுதான் முழு பிர்ச் ஆனது. சூப்பர்ஸ்டார் என்ற பெயர் பிர்ச்சிலும் வந்தது, பிர்ச்சும் பாஸ்வுட்டும் கலந்தும் வந்தது, இப்போது மேப்பிளில் வருகிறது. 1982-ல் அறிமுகமான பேர்ல் எக்ஸ்போர்ட்டும் இடையில் நின்று திரும்ப வந்த பெயர்தான். "நான் இருபது வருஷமா அதே செட்டுதான் வாசிக்கிறேன், தங்கம்" என்று பழைய ஆள் சத்தியம் செய்யும்போது, அவர் புகழும் பொருளும் இன்று பெட்டியில் வரும் பொருளும் ஒன்றுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெயர் ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

அப்புறம் இந்தப் பாரம்பரியக் கதை. சோனார் நிறுவனம் 1875-ல் தொடங்கியது. கிரெட்ச் 1883. லட்விக் 1909. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லட்விக் செட்டில் வாசித்தார், பாஸ் டிரம்மின், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின், முகப்பில் இருந்த அந்தப் பெயரை கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைதான். ஆனால் நான் வாங்க நினைக்கும் ஆரம்பநிலை செட்டை 1883-ல் யாரும் செய்யவில்லையே! அது போன வருடம் ஆசியாவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் செய்தது. அதில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய மலிவு செட்டுகள் முப்பது வருடத்துக்கு முந்தைய மலிவு செட்டுகளைவிட எவ்வளவோ மேல். ஷெல், அதாவது டிரம்மின் உருளை உடல், வட்டமாக இருக்கிறது, திருகு வழுக்குவதில்லை. அதைச் சொல்லியே விற்கலாமே? தாத்தாவின் புகைப்படத்தைக் காட்டி பேரனுக்கு எதற்கு விலை போடுகிறீர்கள்?

"டிடபிள்யூவா கிரெட்சா" என்று இந்த இரண்டு அமெரிக்க டிரம் பிராண்டுகளை வைத்துச் சண்டை போடுபவர்களுக்கு ஒரு தகவல். கிரெட்ச் டிரம்ஸை நடத்தும் உரிமை 2015-லேயே டிடபிள்யூ கைக்குப் போய்விட்டது. அந்த டிடபிள்யூவை 2022-ல் மின்னணு இசைக்கருவி நிறுவனமான ரோலண்ட் வாங்கிவிட்டது. அடித்துக்கொள்ளுங்கள், நன்றாக அடித்துக்கொள்ளுங்கள்.

மரக் கதைக்கு வருகிறேன். மேப்பிள் என்றால் கதகதப்பு, பிர்ச் என்றால் பளிச், மஹோகனி என்றால் ஆழம். இந்த மூன்று வார்த்தையை மனப்பாடம் செய்தவரெல்லாம் விற்பனையாளர். மரத்தால் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஷெல் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், விளிம்பை 45 பாகையில் கூராகச் சீவியிருக்கிறார்களா, 30 பாகையா, உருட்டி விட்டிருக்கிறார்களா, அந்த விளிம்பில் தோல் சமமாக உட்காருகிறதா, தோலை அழுத்திப் பிடிக்கும் வளையம் 1.6 மில்லிமீட்டரா 2.3 மில்லிமீட்டரா என்பதெல்லாம் அதே அளவுக்குக் காதில் விழும். விளிம்பைப் பற்றிக் கடையில் கேட்டுப் பாருங்கள். "விளிம்பா? நல்லா பாலிஷ் பண்ணிருக்காங்க சார்" என்று பதில் வரும்.

அதிலும் இந்த "ஆசிய மஹோகனி" இருக்கிறதே! மலிவு, நடுத்தர செட்டுகளில் இப்படி எழுதியிருந்தால் அது பெரும்பாலும் லுவான் என்னும் ஷோரியா இன மரம். உண்மையான மஹோகனிக்கும் அதற்கும் உறவே கிடையாது. நன்றாகவே ஒலிக்கும், அது வேறு விஷயம். லுவான் என்றே அச்சடிக்க என்ன வெட்கம்? இன்னொரு பக்கம் புபிங்கா என்ற ஆப்பிரிக்க மரத்தை உச்சத்தில் வைத்துக் கொண்டாடினார்கள். 2017 ஜனவரியில் அது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் வேறு மரத்துக்கு மாறின. புபிங்கா இல்லாமல் வாசிப்பே இல்லை என்று பேசியவர்களின் குரலையும் அதற்குப் பிறகு காணோம்.

இதையெல்லாம் தாளில் படிக்க வேண்டாம், காதால் கேட்டு முடிவெடுக்கலாம் என்று காணொளிக்குப் போனால் அங்கே நடப்பது பகல் கொள்ளை. எதிரொலி அடக்கிய அறை. ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக். கம்ப்ரஸர், கேட், ஈக்யூ என்று ஒலியைத் திருத்தும் கருவிகள் எல்லாம் போட்ட ஒலி. பெட்டியோடு வந்த தோலைக் கழற்றி எறிந்துவிட்டு ரெமோ, எவான்ஸ் என்று புதுத்தோல் மாட்டி, டியூன் செய்வதையே தொழிலாகக் கொண்டவர் டியூன் செய்து, வாழ்நாளெல்லாம் வாசித்தவர் வாசிக்கிறார். அந்த ஆளும் அந்த அறையும் கிடைத்தால் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டாலும் நன்றாகத்தான் ஒலிக்கும். இரண்டு பிராண்டை ஒப்பிடுவதாகச் சொல்லும் காணொளியில் ஒன்றுக்கு இரட்டைப் படலத் தோல், மற்றதற்கு ஒற்றைப் படலம்! இதில் யார் எதை ஒப்பிட்டார்கள்? தோலை ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

கடையில் நேரே பார்க்கலாம் என்று போனால் நிலைமை நேர் எதிர். டியூன் செய்யாத செட். தோலில் சுருக்கம். டாமை (டாமா இல்லை, செட்டில் உள்ள டாம் என்ற டிரம்மை) தட்டினால் அட்டைப் பெட்டி சத்தம். "டியூன் பண்ணினா வேற மாதிரி இருக்கும் சார்." பண்ணித் தொலையுங்களேன்! திருகுச் சாவி எங்கே என்று தேடவே பத்து நிமிடம். தேடிக் கொடுத்துவிட்டு, "மெதுவா வாசிங்க, பக்கத்துல கிட்டார் டெமோ நடக்குது." மெதுவாக வாசித்து டிரம்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவரே ஒரு வகுப்பு எடுத்தால் சேர்ந்துகொள்கிறேன்.

இதற்கு மேலே ஷெல் பேக் என்ற தந்திரம். படத்தில் சிம்பல்கள், அதாவது உலோகத் தட்டுகள், மின்னும். ஸ்டாண்டுகள் நிற்கும். பெடல் பளபளக்கும். விலையைப் பார்த்து, பரவாயில்லையே என்று மனம் குளிர்ந்தால், கீழே பொடி எழுத்தில் அது வெறும் ஷெல் மட்டும் என்று இருக்கும். சில பேக்கில் ஸ்னேரும், அதாவது செட்டின் முக்கியமான அந்தச் சின்ன டிரம்மும், கிடையாது. ஸ்னேர் இல்லாத டிரம் செட்! ஒரு பிராண்டு ஸ்னேரைச் சேர்த்து விலை சொல்கிறது, இன்னொன்று சேர்க்காமல் சொல்கிறது, மூன்றாவது ஸ்டாண்டும் பெடலும் சேர்த்துச் சொல்கிறது. இந்த மூன்று விலையையும் வரிசையாக எழுதி "எது மலிவு" என்று அட்டவணை போடுகிறவர்களை என்ன செய்யலாம்?

எல்லாமே சேர்ந்து வரும் செட் என்றால் சிம்பல் பித்தளையாக இருக்கும். செம்பும் துத்தநாகமும். கிராஷ் சிம்பலை அடித்தால் தட்டு விழுந்த சத்தம். நல்ல சிம்பலுக்கு வேண்டியது வெண்கலம். பி8 என்றால் அதில் 8 விழுக்காடு வெள்ளீயம், பி20 என்றால் 20 விழுக்காடு. உண்மையைச் சொன்னால் கேட்பவர் காதில் முதலில் உறைப்பது சிம்பல்தான், டாமின் மரம் இல்லை. ஆனால் பிராண்டுச் சண்டையில் சிம்பலைப் பற்றி யாராவது பேசி நான் கேட்டதில்லை. பணம் முழுவதையும் ஷெல்லில் கொட்டிவிட்டுப் பித்தளைத் தட்டோடு மேடையேறும் ஆட்கள்தான் மேப்பிளின் கதகதப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள்.

அளவு எழுதும் அழகையும் கேளுங்கள். சிலர் ஆழத்தை முதலில் எழுதுகிறார்கள், சிலர் விட்டத்தை முதலில் எழுதுகிறார்கள். பாஸ் டிரம்மை 22x18 என்றாலும் 18x22 என்றாலும் ஓரளவு ஊகிக்கலாம். தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 16x14 என்று இருந்தால்? பதினாறு அங்குல விட்டமா, பதினான்கா? இரண்டு வகையிலும் டாம் செய்கிறார்கள். தோல் வாங்க வேண்டியவன் எதை நம்புவது? விட்டத்துக்கு முன்னால் "விட்டம்" என்று ஒரு வார்த்தை அச்சடித்தால் எவ்வளவு மை செலவாகிவிடும்?

உண்மையில் பிராண்டு என்பது முக்கியமாகும் இடம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். டாமைத் தாங்கும் பிடிமானம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. யமஹாவுக்கு அறுகோணக் கம்பி, மற்றவர்களுக்கு வேறு வேறு குழாய். ஒன்றை இன்னொன்றில் செருக முடியாது. லக்கின், அதாவது தோலை இறுக்கும் திருகு பொருந்தும் உலோகத் துண்டின், மரை கூட எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஆக, இன்று எதை வாங்குகிறோமோ அந்த வீட்டோடுதான் நாளைக்கும் குடித்தனம். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "ரெண்டு வருஷம் கழிச்சு இதே மாடல்ல, இதே நிறத்துல ஒரு டாம் தனியா கிடைக்குமா? லக் உடைஞ்சா உதிரி வருமா?" என்பதுதான். நான் கேட்டேன். அதுவரை மூன்று பிராண்டின் பெருமையையும் மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தவர் கணினியைத் தட்டினார், உள்ளே போனார், யாருக்கோ போன் போட்டார், திரும்பி வந்தார்.

"அந்த கலர் இப்பவே ஸ்டாப் பண்ணிட்டாங்க சார். ஆனா ஷோரூம் பீஸ் ஒண்ணு இருக்கு, பேக் பண்ணிடவா?"