ஃபியூக்கோய்டான் மெட்ஃபார்மினுக்கு மாற்று அல்ல

பழுப்புக் கடற்பாசியிலுள்ள ஃபியூக்கோய்டான் எனும் சர்க்கரைத் தொடர், மெட்ஃபார்மின் எனும் நீரிழிவு மாத்திரைக்கு இணையானதென நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றும், அதன் பொடியை உண்போருக்கு மாத்திரையும் இன்சுலினும் தேவையில்லை என்றும் ஒருவர் தம் பதிவில் எழுதியிருப்பது தவறு.

மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை ஃபியூக்கோய்டான் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டது உண்மையே. எலிகளிலும் சர்க்கரை அளவு குறைந்திருக்கிறது. ஆனால் அந்த நொதியைத் தடுப்பது அகார்போஸ் எனும் வேறொரு நீரிழிவு மாத்திரை செயல்படும் வழி. மெட்ஃபார்மினோ முதன்மையாகக் கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைக்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. அவற்றின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

"குடலுக்கு எல்லோருக்கும் நல்லது" என்ற அவரது வரியும் அவசரமானது. கடற்பாசியின் சர்க்கரைத் தொடர்களை நம் நொதிகள் செரிப்பதில்லை; பெருங்குடல் நுண்ணுயிர்களே, அதுவும் உரிய மரபணு உள்ளவை மட்டுமே, சிதைக்கின்றன. நோரி எனும் கடற்பாசியிலுள்ள போர்ஃபிரான் என்ற சர்க்கரைத் தொடரைச் சிதைக்கும் மரபணு, கடல் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானியரின் குடல் பாக்டீரியாவுக்கு வந்திருப்பதையும், ஒப்பிடப்பட்ட வட அமெரிக்கர்களிடம் அது காணப்படாததையும் 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஒருவரின் குடலில் கிடைத்த பலன் இன்னொருவருக்கும் கிடைக்குமென முன்கூட்டியே சொல்ல முடியாது.

அயோடினைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கொம்பு (kombu) எனும் பழுப்புக் கடற்பாசியை உலர்த்தினால், அதன் ஒரு கிராமிலேயே 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும் என்பதால், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்பொடிகளைத் தொடக்கூடாது.

முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாட்களுக்குள்ளாகவே இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் தேவையில்லை என்ற வரியை மட்டுமாவது அவர் உடனே நீக்க வேண்டும்.