காக்கா வராத ஒன்பதாவது மாடி

பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, சோழிங்கநல்லூர்ல வேலை கெடச்சிருக்கு. மே மாசம் குடும்பத்தோட வந்துருவேன். ஆபீஸ் பக்கத்துலயே வீடு பாத்துரலாம்லா?"

வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று போனில் சொல்லி முடியவில்லை. இதே கேள்வியை ஏற்கெனவே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2023 மே மாதம் நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தபோது நானும் அப்படித்தான் யோசித்தேன். சென்னை என்றால் டிராஃபிக், டிராஃபிக் என்றால் ஆயுள் போய்விடும், அதனால் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு. பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடி. காற்று பிய்த்துக்கொண்டு போகும். பைக்கை எடுத்தால் இருபது நிமிடத்தில் ஆபீஸ். எனக்குச் சொர்க்கம்தான்.

ஆனால் அந்த வீட்டில் இருந்தது ஐந்து பேர். அதில் சொர்க்கம் எனக்கு மட்டும். பையனுக்கு இடம் கிடைத்த பள்ளிக்கூடம் தாம்பரம் பக்கம், வேன் காலை 6.40க்கு. இருட்டில் எழுப்பி, தூக்கத்தோடு தூக்கத்தில் இட்லியை ஊட்டி அனுப்புவோம். மகள் இன்னும் பள்ளிக்கூடம் சேராத வயது, லிஃப்டில் மேலும் கீழும் போவதுதான் அவளுக்கு விளையாட்டு. மனைவிக்கு கிண்டியில் ஒரு கணக்கர் வேலை வந்தது. இரண்டு பஸ், நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அப்புறம் அம்மா. அமாவாசை அன்று காக்காவுக்கு வைக்காமல் அம்மா சாப்பிட மாட்டாள். அங்கே போன பிறகு வந்த முதல் அமாவாசை. பால்கனி முழுக்கப் புறா வலை. வலையின் ஓரத்தில் கை நுழைகிற அளவு ஓர் இடைவெளி, அதற்கு வெளியே ஏசி மிஷின் உட்கார்ந்திருக்கும் திட்டு. அதில் வாழை இலைத் துண்டைப் போட்டு, சோறு, பருப்பு, ஒரு துளி நெய் வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். மணி ஒன்றரை ஆகியும் ஒன்றும் வரவில்லை. காற்றில் இலைதான் பறந்து போனது. "எய்யா, இங்க காக்கா கூட வரமாட்டேங்கு" என்றாள். சரி, கீழே கொண்டுபோய் மதில் மேல் வைத்துவிட்டு வருகிறேன் என்று லிஃப்டில் இறங்கிப் போனால், செக்யூரிட்டி ஓடி வந்து, "அம்மா, இங்க சோறு வைக்கக் கூடாதும்மா, அசோசியேஷன்ல திட்டுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா அன்றைக்குச் சாயங்காலம் வரை சாப்பிடவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஏரியா பார்ப்பது ஆபீஸுக்குப் போகிறவனுக்காக இல்லை. நான் அந்த ஏரியாவில் விழித்துக்கொண்டிருந்த நேரம் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் இருக்கும். அம்மா முழு நாளும் இருந்தாள். அலைகிற வேலையை பைக் வைத்திருக்கிறவன், சம்பளம் வாங்குகிறவன், காலில் தெம்பு இருக்கிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் பலருக்கு என் மேல் கோபம் வரும், தெரியும். "தினம் ரெண்டு மணி நேரம் ரோட்டுல போனா குடும்பத்தோட எப்ப இருக்கறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆபீஸ் பக்கத்தில் இருந்த அந்த வருடம் முழுக்க, பக்கத்தில்தானே என்று ராத்திரி ஒன்பது மணி வரை ஆபீஸில் உட்கார்ந்திருந்தவன் நான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3ஆம் தேதி ராத்திரி தொடங்கிய மழை மறுநாள் முழுக்கக் கொட்டியது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிய ஊர்கள் எல்லாம் என்ன ஆயின என்று ஊருக்கே தெரியும். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் வடிந்து வந்து சேருகிற பள்ளம் அது. உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்த்தார்கள். பட்டியலில் சேருவதற்கு முன்னாலேயே அதைச் சுற்றி நாம் எல்லோரும் வீடு கட்டி முடித்துவிட்டோம். ஒன்பதாவது மாடிக்குத் தண்ணீர் வராது, வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டர் தரைக்குக் கீழே இருந்தது, முதலில் மூழ்கியதே அதுதான். மூன்று நாள் லிஃப்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. பக்கத்து ஃபிளாட் தம்பியும் நானும் இருபது லிட்டர் கேனைத் தோள் மாற்றித் தோள் வைத்து ஒன்பது மாடி ஏறினோம். ஆறாவது மாடியில் உட்கார்ந்தபோது அந்தத் தம்பி சொன்னான்: "சார், வியூ பார்த்துத்தானே எடுத்தோம்."

இது பெரும்பாக்கத்துக்கு மட்டும் உள்ள தலையெழுத்து என்று நினைத்துவிட வேண்டாம். தி.நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கியதுதான். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. தாங்கல் என்று முடிகிற ஊர்ப்பெயரைக் கேட்டாலே தண்ணீர் தங்கிய இடம் என்று புரிந்துகொள்ள வேண்டும். பெயரைப் பார்த்து ஒதுக்கினால் சென்னையில் குடியிருக்கவே இடம் கிடைக்காது. அதனால் ஏரியாவைவிடத் தெருவைப் பாருங்கள். ஒரே ஏரியாவில் ஒரு தெரு முழங்காலளவு முங்கும், அடுத்த தெரு நனைந்ததோடு சரி. மதில் சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா, புதிதாகக் கட்டிய வீடுகள் எல்லாம் நாலடி ஏற்றிக் கட்டியிருக்கிறார்களா, இபி மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே போயிருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கரிடம் கேட்டால் "ஒரு சொட்டு நிக்காது சார்" என்பார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். 2015 வெள்ளத்தில் வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார் என்பது வரைக்கும் சொல்வார்.

2024 மே மாதம் குரோம்பேட்டைக்கு மாறினோம். அந்தக் காலத்துக் குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் ஊருக்கு. தோல் தொழிலின் பாவத்தை அந்த வட்டாரத்து நிலத்தடி நீர் நிறையவே சுமந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குடிக்கக் கேன்தான். வீடு பழையது, முதல் மாடி, கார் நிறுத்த இடம் இல்லை. கொசுவுக்கு எங்கள் மேல் தனிப் பிரியம். ஆபீஸுக்கு மேடவாக்கம் வழியாகப் போனாலும், பல்லாவரம் போய் ரேடியல் ரோட்டைப் பிடித்தாலும் ஒரு மணி நேரம். அந்த ரேடியல் ரோடே பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிற ரோடுதான், மழைக்காலத்தில் அதில் போகும்போது யாரையும் குறை சொல்ல வாய் வராது.

பையன் இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறான், பன்னிரண்டு நிமிடம். மனைவி மறுபடியும் விண்ணப்பித்து கிண்டியில் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். சீசன் டிக்கெட், லேடீஸ் கம்பார்ட்மெண்ட், அதில் அவளுக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அம்மா பிங்க் பஸ்ஸில் காசு கொடுக்காமல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தனியாகப் போய்விட்டு வருகிறாள், போகாதே என்று சொன்னால் கேட்பதில்லை. காக்காக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மதிலில் தட்டு வைப்பதற்குள் நாலு வந்துவிடுகின்றன. இலையை எடுக்க விடுவதில்லை என்று இப்போது அதற்கும் புகார்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. அந்த "இல்லாவிட்டால்" என்ற வார்த்தைக்குள்தான் வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் குடியிருக்கிறார்கள். எங்களிடம் ஒருவர் பத்து மாதம் கேட்டார், ஆறுக்கு வந்தார், நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். காலி பண்ணும்போது பெயின்ட் கூலிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். இபிக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறாரா என்றும் கேளுங்கள். தனி மீட்டர் இல்லை என்றால் அரசு கொடுக்கிற நூறு யூனிட் இலவசம் உங்கள் கண்ணில் படாது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று வாசலிலேயே கேட்ட வீடுகள் மூன்று. அதில் ஒன்று காற்றும் வெளிச்சமுமாக அருமையான வீடு. அந்த வீட்டைப் பற்றி மனைவி இன்னும் பேசுவாள், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி வாடகை கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர் நீட்டும் வேலை பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. சொந்த வீடு வாங்குகிறவர் காத்திருக்கலாம். வாடகைக்கு இருப்பவனுக்கு இன்றைக்கு ஓடுகிற ரயில்தான் ரயில்.

தம்பியிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். மே மாதம் வந்து, வெயிலில் எல்லாத் தெருவும் காய்ந்து கிடக்கும்போது வீடு பார்க்காதே. ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை வா, எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள், நடந்தே நாலு தெரு பார்ப்போம். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, முட்டுவலியோடு அவர்தானே இங்கே நாள் முழுக்க இருக்கப்போகிறார். நேற்று மெசேஜ் போட்டிருக்கிறான். நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்தானாம், பஸ்ஸில் வருகிறார்களாம். பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும், காலை ஐந்து மணிக்கு நானே போய்க் கூட்டி வந்துவிடுவேன்.