தூக்கம் வராமல் இருக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு

கஞ்சா பொட்டலம் பிடிபட்டால் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் உடனே படம் வந்துவிடுகிறது. வரட்டும், தப்பில்லை. ஆனால் கிருஷ்ணகிரியில் மெடிக்கல் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று, தூக்கத்தை விரட்டும் ஊக்க மருந்து. அது ஆளைத் தள்ளாட வைக்காது, வாயில் வாடை வராது. அதைக் கேட்டு வருகிறவர்களும் ஊர் சுற்றிகள் இல்லை, உழைக்கிற பிள்ளைகள்தான். ஓசூர் கம்பெனியில் ஒரு வாரம் பகல், மறுவாரம் நைட் ஷிஃப்ட் என்று மாறி மாறிப் போகிறவர், பெங்களூருவில் லோடு ஏற்றி விடிவதற்குள் சேலம் தாண்ட வேண்டியவர், ஜிம்முக்குப் போகிற பையன். "அண்ணா, தூக்கம் வராம இருக்க ஏதாச்சும் இருக்கா?" என்று சளி மாத்திரை கேட்பது மாதிரி கூச்சமே இல்லாமல் கேட்கிறார்கள்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்கிற பொருள் சேர்ந்துகொண்டே வரும். "போதும், படு" என்று சொல்வது அதுதான். அது போய் ஒட்ட வேண்டிய இடத்தை காபியில் இருக்கும் கஃபீன் அடைத்துக்கொள்ளும். களைப்பு போகவில்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். ஆம்பெட்டமைன், மெத் (மெத்தாம்பெட்டமைன்) என்கிற ஊக்க மருந்து வகையெல்லாம் இதைவிட முரட்டுச் சரக்கு. உடம்பை முடுக்கிவிடும் டோபமின், நார்அட்ரினலின் என்கிற ரசாயனங்களை நரம்பிலிருந்து வாரி இறைக்க வைக்கும். நெஞ்சு படபடக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், உடம்பு சூடாகும், பசி செத்துப்போகும். அப்புறம் மருந்து இறங்கும்போது தள்ளிப்போட்ட தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கும். அது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக காபியை விடச் சொல்லவில்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பிரச்சினை இல்லை என்கிறார்கள். எனர்ஜி டிரிங்க் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஸ்கூல் யூனிஃபார்மோடு நின்று அதைக் குடிக்கிற பிள்ளைகளிடம் அதை யார் படித்துக் காட்டுவது?

ஜிம் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். மெபென்டர்மின் என்று ஒரு ஊசி. முதுகில் மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் நடக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்தால், மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே போடுகிற மருந்து அது. விழுந்த பிரஷரைத் தூக்குவதுதான் அதன் வேலை. நல்ல பிரஷர் இருக்கிற பையன் கூடுதலாக வெயிட் தூக்க வேண்டும் என்று அதை ஏற்றிக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும்? இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூளையில் ரத்தம் கசியும், சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும். ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கொண்டால் எச்ஐவி, ஹெபடைடிஸ் எல்லாம் தனிக் கணக்கு. தொடர்ந்து போடுகிறவனுக்குச் சந்தேகப் புத்தி வந்துவிடும், யாரோ பின்னாலேயே வருகிறார்கள், சோற்றில் என்னமோ கலக்கிறார்கள் என்பான், வீட்டில் இருப்பவர்கள் காத்துக் கருப்பு என்று கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைவார்கள்.

"நான் ஸ்ட்ராங்கான பாடி, தாங்கும்" என்பவர்களுக்கு ஒன்று. 1967 டூர் டி பிரான்ஸில் டாம் சிம்சன் என்ற பிரிட்டிஷ் சைக்கிள் வீரர், மோன் வான்டூ மலை ஏற்றத்தில் கடும் வெயிலில் விழுந்து இறந்தார். வயது 29. உடம்பில் ஆம்பெட்டமைன் இருந்தது, சாராயமும் இருந்தது. நிறுத்து என்று உடம்பு சொல்வது காதில் விழாமல் போனால் உலகத்தர வீரருக்கே அந்தக் கதி.

பையன்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று இருந்தது. லோடு லேட்டானால் வாடகையில் பிடிப்பேன் என்கிற முதலாளிக்கு அது தெரியாதா என்ன. ஆள் எப்படி முழித்திருந்தான் என்று அவர் கேட்பதே இல்லை.

இன்னொன்று. டாக்டர் பார்த்து ஏடிஎச்டி (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) உள்ள குழந்தைக்கு எழுதித் தரும் மெத்தில்பெனிடேட்டும் ஊக்க மருந்துதான். அதை இந்தப் பட்டியலில் சேர்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சுவலி, வலிப்பு, தாங்காத தலைவலி, கொதிக்கிற உடம்பு இதெல்லாம் வந்தால் 108க்குக் கூப்பிடுங்கள், என்ன போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஓபியம் வகைக்கு நலாக்சோன் என்று முறிவு மருந்து இருக்கிறது, மெத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, சூட்டைத் தணித்து, துடிப்பை அடக்கி ஆளைக் காப்பாற்ற வேண்டியதுதான். திடீரென்று நிறுத்தியவனைத் தனியாக விடாதீர்கள், மனம் மிகவும் சோர்ந்து சாகும் எண்ணம்கூட வரும். மீள நினைக்கிறவர்களுக்கு 14446 என்கிற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்கள், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை ஒரு வக்கீலிடம் கேளுங்கள், தானாகச் சிகிச்சைக்கு வருகிற அடிமைக்கு அதில் பாதுகாப்பு இருக்கிறது.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மெபென்டர்மின் ஊசி கேட்டு வந்தால் "ஸ்டாக் இல்லை" என்று மழுப்பாதீர்கள். ஏன் தரமாட்டேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னதில் பாதிப் பேர் முறைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தன் மட்டும் நின்று, "அப்ப எனக்குத் தலை வலிக்கறது அதனாலயாண்ணா?" என்று கேட்டான். பிரஷர் பார்த்துவிட்டு, அவன் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.