ஐயாயிரம் ரூபாய் முத்து காமிக்ஸும் பத்து ரூபாய் செல்லோடேப்பும்

பழைய காமிக்ஸ் விற்கிற அண்ணன்மார்களே, கையில் இருக்கிற அந்த செல்லோடேப்பை முதலில் கீழே வையுங்கள். புத்தகத்தின் முதுகு கிழிந்திருக்கிறதா? கிழிந்தபடியே கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்போம், அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வருஷம் தாண்டி வந்திருக்கிற ஒரு முத்து காமிக்ஸ் இதழின் முதுகில் மேலிருந்து கீழ்வரை பளபளவென்று டேப்பை இழுத்து ஒட்டி, அதையே படமெடுத்துப் போட்டு, கீழே ‘மின்ட் கண்டிஷன் (அதாவது புத்தம் புதிது மாதிரி), ரேர், ஐயாயிரம்’ என்று எழுதுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

அந்த டேப் என்ன செய்யும் தெரியுமா? ஒட்டின புதிதில் ஒன்றும் தெரியாது. வருஷம் போகப் போகப் பசை இளகிக் கொழகொழத்து, காகிதத்தின் நாருக்குள் இறங்கும். அட்டையில் இருக்கிற மையையும் கூட இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் மேலே இருக்கிற பிளாஸ்டிக் தானாகவே காய்ந்து கழன்று விழும், அடியில் பழுப்புப் பட்டை மட்டும் நிலைத்து நிற்கும். காகிதப் பராமரிப்பையே தொழிலாகச் செய்கிறவர்கள் கரைப்பான்களை வைத்து மணிக்கணக்கில் போராடினாலும் அந்தக் கறையின் சாயல் முழுசாகப் போவதில்லை. விற்பதற்கு முன்னால் டேப்பைப் பிய்த்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறவர்கள் அதைவிட மோசம். டேப்போடு அட்டையின் மேல்தோலும் உரிந்து வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். ‘டேப் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஒட்டியே தீரவேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. மெல்லிய ஜப்பானியத் திசுத்தாள், மெதில் செல்லுலோஸ் பசை, இரண்டும் ஆன்லைனில் கிடைக்கின்றன. திசுத்தாளைக் கத்தரிக்காமல், நனைத்த கோட்டின் மேல் கையால் கிழித்தால் ஓரம் நார்நாராகப் பிரியும், ஒட்டின இடம் தடித்துத் தெரியாது. அரை சென்டிமீட்டர் அகலம் தாராளம். அட்டையின் உள்பக்கம் மட்டும், பசை ரொம்பக் குறைவாக. இரண்டு பக்கமும் ஈரம் உறிஞ்சுகிற பிளாட்டிங் பேப்பர் வைத்து மேலே கனம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். பைண்டிங் கடை மைதாப் பசை வேண்டவே வேண்டாம். பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, சரிதான். ஆனால் துத்தத்தில் இருக்கிற செம்பு காகிதத்தையே மக்கவைத்து, ஒட்டின இடத்தில் முறிய வைத்துவிடும்.

டேப்பாவது ஒரு பட்டையோடு போகிறது. லேமினேஷன் போடுகிறவர்களை என்ன சொல்ல? அட்டையைத் தனியாகப் பிரித்து, அடையாள அட்டைக்குப் போடுவதுபோல இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வைத்து, நூறு டிகிரிக்கு மேல் சூட்டில் அழுத்திவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் உருகுகிற பசை நாருக்குள் புகுந்து உறைந்தபின் அட்டை வேறு, பிளாஸ்டிக் வேறு என்று பிரிக்கவே முடியாது. உள்ளே இருக்கிற அமிலமும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து காகிதத்தைத் தின்னும். இதைச் செய்துவிட்டு ‘பாதுகாப்பாக வைத்திருக்கிறேன்’ என்று பெருமை வேறு!

பைண்டிங் விஷயத்தில் மட்டும் என் கோபம் பாதிதான். பன்னிரண்டு இதழைச் சேர்த்துக் குத்தித் தைத்து, மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் கொடுத்து, பேச்சுப் பலூனில் பாதி எழுத்தைக் காவு கொடுத்திருப்பார்கள். சில பைண்டர்கள் முன்னட்டைகளையே கழற்றி எறிந்திருப்பார்கள். ஆனாலும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணுகிற நம் வீட்டுப் பழக்கம் இல்லையென்றால், வாடகை நூலகங்கள் கெட்டி அட்டை போட்டு வைக்கவில்லையென்றால், பல இதழ்கள் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். அன்றைக்கு பைண்டு பண்ணினவர்கள் படிப்பதற்காகப் பண்ணினார்கள். இன்றைக்கு அதைப் பிளேடு வைத்து அறுத்து, தையல் ஓட்டையை அடைத்து, தனித்தனி இதழாக விற்கிறவர்கள்மேல்தான் மீதிக் கோபம். முதுகோரம் வரிசையாக ஊசித்துளை, அகலம் மற்ற இதழைவிட சில மில்லிமீட்டர் குறைவு, மூன்று பக்க ஓரமும் சவரம் செய்த மாதிரி வழவழப்பு. மூன்றும் சேர்ந்திருந்தால் அது பைண்டிலிருந்து அறுத்த புத்தகம்.

அடுத்தது கலர் ஜெராக்ஸ் அட்டை. உள்ளே அசல், வெளியே நகல். கேட்டால் ‘அட்டை கொஞ்சம் புதுசா இருக்கும் சார்’ என்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆஃப்செட் அச்சில் நாலு நிறப் புள்ளிகளும் ஒழுங்கான வரிசையில், சின்னச் சின்னப் பூ மாதிரி சுற்றி நிற்கும். லேசர் நகலில் மைப்பொடி காகிதத்தின் மேலே மினுமினுப்பாக உட்கார்ந்திருக்கும், வெற்றிடங்களில் தூசு போல அங்கங்கே சிதறியிருக்கும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் வரிசை இல்லாமல் தெளித்த மாதிரி இருக்கும்.

உள்பக்கமும் நகலாக இருந்தால் புற ஊதா (யுவி) டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போதைய வெள்ளை ஜெராக்ஸ் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் நீலமாக ஒளிரும், பழைய நியூஸ்பிரின்ட், அதாவது செய்தித்தாள் காகிதம், மங்கலாகவே கிடக்கும். இந்தச் சோதனையை அட்டைக்குச் செய்து ஏமாறாதீர்கள். பழைய ஆர்ட் பேப்பர் அட்டையிலும் அந்த ரசாயனம் இருந்திருக்கலாம். டீ டிகாக்ஷனில் முக்கிப் பழசாக்குகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அசல் நியூஸ்பிரின்ட் ஓரத்தில் கருத்து, நடுவே வெளுத்து இருக்கும். காற்றும் வெளிச்சமும் முதலில் படுவது ஓரத்தில்தானே. டீயில் முக்கினது பக்கம் முழுக்க ஒரே பழுப்பு, இல்லையென்றால் திட்டுத்திட்டு.

மறுபதிப்பை முதல் பதிப்பு என்று விற்பது தனிக் கலை. முத்துவின் பழைய இரும்புக்கை மாயாவி கதைகள் பின்னாளில் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரில் திரும்ப வந்தன. அதற்குப் பிறகும் மறுபதிப்புகள் உண்டு. அட்டைப்படத்தை மட்டும் காட்டி 1972-ல் வந்த முதல் பதிப்பு என்று சொன்னால் நம்பாதீர்கள். இதழ் எண், விலை, மாதம் அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இப்போது புதிதாக ‘ஒரிஜினல் ஆர்ட்’ வேறு கிளம்பியிருக்கிறது. இரும்புக்கை மாயாவி கதைக்கு ஓவியர் கையால் வரைந்த அசல் பக்கமாம், சிவகாசியில் பழைய பேப்பரோடு கிடைத்ததாம். ஐயா, அந்தக் கதை 1962-ல் இங்கிலாந்தின் வேலியன்ட் வாரஇதழில் தொடங்கியது. படம் போட்டவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. மொழிபெயர்த்துப் போடுவதற்காக வெளிநாடுகளுக்குப் போவது பொதுவாக அச்சுப் பிரதியோ பிலிமோதான், அசல் ஓவியம் இல்லை. அசல் என்றால் அச்சானதைவிடப் பெரிதாக இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மைக்கோடு தடித்துத் தெரியும், பிழையை மறைத்த வெள்ளைப் பூச்சு தெரியும், அழித்த பென்சில் தடம் தெரியும். பலூனில் தமிழ் எழுத்து ஒட்டின பக்கம் என்றால் அது இங்கே அச்சுக்குத் தயார் செய்த ஒட்டுப்பக்கம். அதுவும் சேர்த்து வைக்கவேண்டிய பொருள்தான், நான் மறுக்கவில்லை. அதை அந்தப் பெயரிலேயே, அந்த விலையிலேயே விற்க வேண்டியதுதானே? இங்கேயே உள்ளூர் ஓவியர்கள் வண்ணத்தில் தீட்டிய அட்டைப்படங்கள் இருக்க, அவற்றின் அசலைத் தேடுவாரைக் காணோம்.

இந்த மின்ட் புளுகுக்கு வருவோம். அமெரிக்காவில் புத்தகத்தின் நிலையை 0.5 முதல் 10 வரை மதிப்பிடுகிறார்கள், அதில் மின்ட் என்பது 9.9. அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்கே பல பிரதிகள் அதைத் தொடாது. வாடகை நூலக முத்திரை, உள்ளே பேனாவில் ‘எஸ். ரமேஷ், 7-பி’, நிரப்பின குறுக்கெழுத்து, வெட்டின கூப்பன், துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், இத்தனையும் உள்ள ராணி காமிக்ஸை மின்ட் என்பது கூசாமல் சொல்கிற பொய். எங்களுக்கு ஆங்கிலத் தரப்பெயரே வேண்டாம். ஆறு படம் போதும்: முன்னட்டை, பின்னட்டை, சாய்வெளிச்சத்தில் முதுகு, நடுப்பக்கப் பின், விவரம் அச்சிட்ட பக்கம், இருப்பதிலேயே மோசமான பக்கம். பக்கங்களை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். நடுத்தாள் கழன்று விழுந்த புத்தகத்தில் ஒரே தாளோடு நாலு பக்கம் போயிருக்கும், எண்ணாமல் தெரியாது.

துருப்பிடித்த பின்னைப் பிடுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின் எடுக்கிற கொக்கியை வைத்து இழுத்தால் துளை கிழிந்து நடுத்தாள் கையோடு வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கின இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளி எடுக்க வேண்டும். பழைய துளையிலேயே பருத்தி நூல் கோத்துக் கட்டினால் போதும். கடற்கரை ஊர்க் காற்றில் சாதாரண இரும்புப் பின் மறுபடி துருப்பிடிக்கத்தான் போகிறது.

புத்தகத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். ரெக்சின் வாடை அடிக்கிற பிவிசி உறை நாளாக நாளாக அமிலத்தைக் கக்கும், மையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே நாப்தலின் உருண்டை போடாதீர்கள். தாளைத் தின்கிற ராமபாணப் பூச்சி சந்தேகம் இருந்தால் புத்தகத்தைக் காற்றில்லாத பையில் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் தாள் வியர்த்து நனையும்.

கடைசியாக பார்சல். சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சாதாரணக் கவரில் திணித்து ஐப்பசி மழையில் அனுப்புகிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்? புத்தகத்தைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாக இரண்டு கெட்டி அட்டை வெட்டுங்கள். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கும் நடுவே வைத்து, அட்டையோடு அட்டையை மட்டும் ஒட்டுங்கள். நீங்கள் ஆசைப்படுகிற செல்லோடேப்பை அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். விலையைப் பால்பாயின்ட் பேனாவால் முன்னட்டை மூலையில் எழுதுவதையும் விடுங்கள். துண்டுச் சீட்டில் எழுதி உறைக்குள் போட்டால் எங்களுக்குப் படிக்கத் தெரியும்.