ஜூலை 19ல் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு

காரைக்குடிப் பக்கம் எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும் முகப்புத் தூணைத் தட்டிக் காட்டி "பர்மா தேக்கு" என்பார்கள். அடுத்த வரி பெரும்பாலும் "எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டு அனுப்பிட்டான்". அந்த நாட்டில் ஜூலை 19 அரசு விடுமுறை, தியாகிகள் தினம். அது யாருக்காக என்று கேட்டால் பர்மா சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் பெயர் வந்தாலே பெரிது.

1947 ஜூலை 19 காலை 10:37. ரங்கூன் செயலகத்தில் நிர்வாக சபைக் கூட்டம் நடக்கும்போது துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் சுட்டதில் ஒன்பது பேர் செத்தார்கள். ஆங் சானுக்கு வயது 32தான். ஆறு மாதம் இருந்திருந்தால் சுதந்திரத்தைப் பார்த்திருப்பார். ஏவிவிட்ட முன்னாள் பிரதமர் ஊ சாவை அடுத்த வருஷம் தூக்கில் போட்டார்கள்.

இந்த விடுமுறையில் எனக்குப் பிடித்த விஷயம், அது ஒரே தலைவருக்கான நாளாக இல்லாததுதான். ஒன்பது பேரையும் சேர்த்தே நினைக்கிறார்கள். அதில் கரேன் இனத்தவர் ஒருவர், ஷான் பகுதிச் சிற்றரசர் ஒருவர், ஒரு இளவயது மெய்க்காப்பாளர், அப்புறம் அப்துல் ரசாக். கல்வி அமைச்சர், மாண்டலேயில் தலைமை ஆசிரியராக இருந்தவர், அப்பா இந்திய முஸ்லிம், அம்மா பர்மியர். தமிழ் முஸ்லிம் வழி என்றே அவரைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். தேக்கையும் வயலையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் வீடுகளில் இந்த மனிதர் பெயரை நான் கேட்டதே இல்லை!

வயல் கதையையும் நாம் பாதிதான் சொல்கிறோம். 1930ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நம் ஊரிலிருந்து போய் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1936ல் 25. நிலம் வேண்டும் என்று யாரும் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போகவில்லை, அரிசி விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த வயல் வட்டிக்கடைக் கணக்கில் ஏறியது, அதெல்லாம் சரி. ஆனால் பாட்டன் உழுத வயலில் குத்தகைக்காரனாக நிற்கும் பர்மியக் குடியானவனுக்கு இந்த விளக்கம் எதற்கு ஆகும்? 1948ல் நில தேசியமயச் சட்டம் வந்ததற்கு அவன் கோபமும் ஒரு காரணம். நட்ட ஈடு விஷயத்தில் நம்மவர்களுக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1960களில் கடைகளைப் பறிகொடுத்து வெறுங்கையோடு கப்பலேறிய சாதாரணத் தமிழர்களுக்கு நடந்தது அதைவிடப் பெரிய அநியாயம்.

இப்போது அங்கே நிலைமை இன்னும் விசித்திரம். பர்மா ராணுவத்தை உருவாக்கியவரே ஆங் சான்தான், ஆனால் 2024ல் அவர் நினைவாக 10:37க்கு கார் ஹார்ன் அடித்தவர்களை அதே ராணுவத்தின் ஆட்சி பிடித்து உள்ளே வைத்தது.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ரங்கூன் கடையிலிருந்து 1947 ஜூலை, ஆகஸ்டில் வந்த கடிதம் ஏதாவது இருந்தால் கறையான் அரிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். அந்த வாரம் நம் ஆட்கள் ஊருக்கு என்ன எழுதினார்கள் என்று படிக்க எனக்கு ரொம்ப ஆசை.