ஒரு துண்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு

அரிசோனாவின் கல்மரக் காடு தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்த்து வந்தவர்களில் சிலருடைய வீட்டில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பழங்கால மரம் கல்லாக மாறிய சிவந்த துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். “வாங்குவதாவது! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதுதானே கிடக்கிறது. ஒரு துண்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?” கேட்கும்போதே இரத்தம் கொதிக்கிறது. ஐயா, அம்மா, நீங்கள் செய்தது திருட்டு. சின்னத் துண்டு என்பதால் அது வேறொன்றாக மாறிவிடாது.

அண்மையில் ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தென்மேற்குப் பாலைவனத்தைச் சுற்றினோம். கல்மரக் காட்டுக்குள் ஆர்.வி. நிறுத்தித் தங்க இடம் கிடையாது. மாலையில் வாயிலை அடைத்துவிடுவார்கள். எனவே ஹோல்புரூக் ஊரில் ஒரு முகாமில் தங்கினோம். காலையில் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, 180ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கு வாயிலில் நுழைந்தோம். அங்கிருந்து வடக்கு எல்லை வரை சுமார் 45 கிலோமீட்டர் சாலை. வழியில் நீள வண்டிகளுக்கென்று கோடு போட்ட இடங்களில் கார்களைக் குறுக்கே நிறுத்திவிட்டு நடக்கப் போயிருந்தார்கள். பூங்காவின் ஒரு பகுதியான ஜாஸ்பர் காட்டை நாங்கள் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. அதுவும் எரிச்சல்தான். ஆனால் கார் போய்விடும், இடம் அங்கேயே இருக்கும். கல் போனால் போனதுதான்.

தெற்கு வாயிலுக்கு அருகில் அருங்காட்சியகம். அதன் பின்புறத்துப் பாதையில் ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’ என்ற பெரிய மரம் கிடக்கிறது. அடிப்பகுதி மட்டும் ஏறத்தாழ 3 மீட்டர் அகலம். பக்கத்தில் குனிந்து பாருங்கள். பட்டையின் சுருக்கம் இருக்கிறது. கிளை முளைத்த கணு இருக்கிறது. தொட்டால் சில்லென்ற கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வண்டலிலும் எரிமலைச் சாம்பலிலும் புதைந்த மரங்கள் இவை. சாம்பலில் இருந்த சிலிக்கா என்ற கனிமம் நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறி, மரம் இருந்த இடத்தில் குவார்ட்ஸ் படிகமாக உறைந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும் இரும்பால் வந்தவை. கருமைக்கு மாங்கனீசு காரணம். ரம்பத்தால் அறுத்து வைத்ததுபோல் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நிலம் மேலெழும்பியபோது ஏற்பட்ட அழுத்தத்தில் குவார்ட்ஸ் தானாக விரிசல் விட்டு உடைந்தது. தமிழ்நாட்டின் திருவக்கரையில் கல்மரம் பார்த்தவர்களுக்கு இந்த வியப்பு புதிதல்ல. ஆனால் இங்கே உள்ள நிறம் வேறு எங்கும் நான் கண்டதில்லை.

அடுத்து வருவது படிகக் காடு. ஒரு காலத்தில் அங்கே கிடந்த மரங்களின் உள்ளே ஊதா நிற அமெதிஸ்ட் படிகங்களும் குவார்ட்ஸ் படிகங்களும் நிறைந்திருந்தன. அதனால்தான் அந்தப் பெயர். இன்று பாதை முழுவதும் நடந்தாலும் அந்தப் படிகங்கள் பெரும்பாலும் கண்ணில் படாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். படிகத்துக்காக மரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்மரத்தை அரைத்துச் சாணைப்பொடி தயாரிக்க ஆலையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல் உள்ளூர் மக்கள் குரல் கொடுத்து, 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த இடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1962இல் தேசியப் பூங்கா ஆனது. ஒரு துண்டு எடுத்தால் என்ன குறையும் என்று கேட்கிறவர்கள் இந்தப் பாதையில் நின்றுகொண்டு கேட்கட்டும். குறைந்து முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்பது அங்கே காலடியில் தெரிகிறது.

அதே பாதையில்தான், எனக்கு முன்னால் போன ஒரு பெண்மணி காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தார். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. எழுந்தபோது கை மூடியிருந்தது; அந்தக் கை மேற்சட்டைப் பைக்குள் போய் வெறுமையாக வெளியே வந்தது. “அம்மா, அதை அங்கேயே வைத்துவிடுங்கள்” என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். என்னை முறைத்துவிட்டு, கல்லை விட்டெறிந்து நடந்தார். வைக்கவில்லை, எறிந்தார். குவார்ட்ஸ் கடினமானது என்றாலும் எளிதில் சில்லு தெறிக்கும்.

இதைவிட என்னைப் புண்படுத்தியது மாலையில் நடந்தது. நீல மேட்டின் களிமண் குன்றுகள், பாறைச் செதுக்கல்கள், வண்ணப் பாலைவனம் எல்லாம் பார்த்து முடித்து, 40ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹோல்புரூக் திரும்பினோம். பக்கத்து இடத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த இளம் தமிழ்த் தம்பதி, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தையோடு. நம் மொழி காதில் விழுந்ததும் மகிழ்ச்சியாகப் பேச உட்கார்ந்தோம். அந்தத் தம்பி உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தார். கட்டைவிரல் அளவில் மூன்று துண்டுகள். ஒன்றில் பட்டையின் வரிகள்கூடத் தெளிவாக இருந்தன.

“தம்பி, வெளியே வரும்போது வாயிலில் கேட்டிருப்பார்களே?”

“கேட்டார்கள் அண்ணா. எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டோம்.”

குழந்தை இடையில் புகுந்தாள். “அங்கிள், அப்பா அதை என்னுடைய சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்தார்!” பெருமை அவள் முகத்தில் வழிந்தது. சீருடையில் நின்ற அதிகாரியின் கண்ணைப் பார்த்து அப்பா பொய் சொன்னதையும் அந்தப் பொய் பலித்ததையும் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவளுடைய பையையே அதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கல்லை விடுங்கள், இது எவ்வளவு பெரிய அநியாயம்! படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், குழந்தையை ஒழுக்கமாக வளர்க்க வேண்டும் என்று வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்புகிறவர்கள்.

நான் கோபத்தை அடக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். “எல்லாரும் எடுக்கிறார்கள் அண்ணா, நாங்கள் மட்டும் எடுக்காவிட்டால் மிஞ்சிவிடுமா?” என்றார்.

எல்லாரும் எடுப்பதில்லை. இது பச்சைப் பொய், அதுவும் ஆபத்தான பொய். ராபர்ட் சியால்டினி என்ற சமூக உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதே பூங்காவின் பாதைகளில் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் போட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். முன்பு வந்த பலர் எடுத்துப் போனதால் காடு மாறிவிட்டது என்று பலகை வைத்தபோது ஏறத்தாழ 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதி வைத்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவாகவே போயின. ஊரே எடுக்கிறது என்று கேள்விப்பட்டால் கூச்சம் விட்டுப்போகிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பல இடங்களில் பெரிய மாற்றம் இல்லை என்றும் தெரிகிறது. அதாவது பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டுக் கைவீசிக்கொண்டு நேர்மையாகத் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் மீதும் சேற்றை வாரி இறைக்காதீர்கள்.

“சரி, உங்களுக்கு அவ்வளவு வருத்தம் என்றால் ஊருக்குப் போய்த் தபாலில் அனுப்பிவிடுகிறேன்” என்றார் தம்பி. தபாலில் அனுப்பியவர்கள் ஏராளம். பூங்காவுக்குக் கல்லும் மன்னிப்புக் கடிதமும் பல ஆண்டுகளாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. எடுத்த நாளிலிருந்து குடும்பத்தில் நோய், விபத்து, வேலை போய்விட்டது, சாபம் பிடித்துவிட்டது என்று எழுதுகிறார்கள். தவறு என்று உணர்ந்து அனுப்புகிறவர்களை மதிக்கிறேன். சாபத்துக்குப் பயந்து அனுப்புகிறவர்களை என்னால் மதிக்க முடியவில்லை. எப்படியானாலும் அந்தக் கல் பழைய இடத்துக்குப் போவதில்லை. எந்த மரத்தின் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. இஷ்டத்துக்கு ஓரிடத்தில் போட்டால் அந்த இடத்தைப் பற்றிய ஆய்வும் கெட்டுவிடும். அதனால் திரும்பி வந்தவற்றை ஒரு பணிச்சாலையின் ஓரத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள். மனசாட்சிக் குவியல் என்று அதற்குப் பெயர். அழகான கற்கள்தான், ஆனால் ஆய்வாளருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. இதையெல்லாம் சொன்ன பிறகும் தம்பி காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழந்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்மரம் வேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்தால் நேர்வழி இல்லாமலா போய்விட்டது? அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் பொறுப்பில் உள்ள பொதுநிலங்களில், தடை விதிக்கப்படாத இடங்களில், சொந்த உபயோகத்துக்கு ஒரு நாளைக்கு 25 பவுண்டு எடையும் அதற்கு மேலே ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரை அனுமதிச் சீட்டு இல்லாமலேயே எடுக்கலாம், விற்கத்தான் கூடாது. அவ்வளவு அலையவும் வேண்டாம். பூங்காவுக்கு வெளியே உள்ள கடைகளில் தனியார் நிலத்தில் எடுத்த கல்மரத்தைக் குவித்து வைத்து விற்கிறார்கள். சின்னத் துண்டு என்றால் சில டாலர்தான், மெருகேற்றியதும் கிடைக்கும். ஆர்.வி. வாடகைக்கும் பெட்ரோலுக்கும் நூறு நூறாகச் செலவழிக்கிறவர்கள் அந்தச் சில டாலரைக் கொடுத்து வாங்குங்கள். பூங்காவுக்குள் போகும் முன்பே வாங்கினால் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், வாயிலில் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.